அம்மாவின் கடைப் பலகையும் கேமுக்குள் இருந்த கடைகளும்

பத்து ஆங்கில எழுத்து. நடுவில் இடைவெளி விடக்கூடாது, விட்டால் வேலை செய்யாது. 2011இல் கிளிநொச்சி ரவுணில் இருந்த ஒரு கேம் கடையில் அதை எனக்குச் சொல்லித் தந்தவன் என்னைவிட ஒரு வயது குறைந்த பெடியன். "நீட் ஃபோர் ஸ்பீட்: மோஸ்ட் வோன்டட்" என்ற காரோட்டக் கேம் தொடங்கும்போது, தொடர அழுத்தச் சொல்லி ஒரு திரை வரும். அதில் அழுத்தாமல் பி, யு, ஆர், ஜி, ஈ, ஆர், கே, ஐ, என், ஜி என்று வரிசையாகத் தட்டவேண்டும். சரியாகத் தட்டினால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு ஓட்டப் போட்டி திறக்கும்.

பேர்கர்கிங். அது ஒரு ராசாவின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பறங்கியரை ஆங்கிலத்தில் பேர்கர் என்று சொல்வதாகப் படித்திருந்தோம். அப்படியென்றால் இவர் பறங்கியரின் அரசனாக்கும். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேறு என்பதைக் கவனிக்கிற வயது இல்லை. அது இறைச்சி வைத்த பணிஸ் விற்கிற ஒரு அமெரிக்கக் கடை என்று தெரிய எனக்கு இன்னும் மூன்று வருடம் எடுத்தது.

இன்னொரு சொல்லும் இருந்தது: காஸ்ட்ரோல். அதே திரையில் அதைத் தட்டினால் அந்தக் கொம்பனியின் நிறம் பூசிய ஃபோர்ட் ஜிடி கார் ஒன்று கிடைக்கும். அந்தச் சொல்லை எங்களுக்கு முதலே தெரியும். பரந்தன் சந்தியில் மோட்டார்சைக்கிள் திருத்துகிற கராஜில் வெறும் ஒயில் கலன்களை அடுக்கி வைத்திருப்பார்கள், அதில் வாசித்த சொல். சந்தியில் கிடக்கிற கலனின் பெயரைத் தட்டினால் அமெரிக்கக் கார் ஒன்று வந்து நிற்கிறது. அந்த வயதில் எனக்கு அது பெரிய விசயம். உலகத்தில் எங்கோ நடக்கிற ஒரு காரியத்தோடு எங்கட சந்தியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு.

அந்தக் கடையில் நாலு கொம்பியூட்டர். மணித்தியாலத்துக்கு 40 ரூபா. குமரபுரத்திலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம் மிதிக்கவேண்டும். கடைக்கார அண்ணை கேம்களை யாழ்ப்பாணத்திலிருந்து டிவிடியில் கொண்டுவருவார். இணைய இணைப்பு கிடையாது. அந்த இணைப்பு இல்லாததுதான் நான் சொல்ல வருகிற கதைக்கு முக்கியம்.

அதற்கு முதல் ஒன்று. எங்கட வயதுப் பிள்ளைகள் எழுத்து வாசித்துப் பழகியதே கொம்பனிகளின், நிறுவனங்களின் பெயர்களில்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. போர் முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எங்கட தலைக்கு மேல் இருந்த தறப்பாளில் யூ.என்.எச்.சி.ஆர். என்று ஐ.நா. அகதிகள் அமைப்பின் பெயர், நீல எழுத்தில். மா, பருப்பு வந்த சாக்கில் உலக உணவுத் திட்டத்தின் டபிள்யூ.எஃப்.பி. மீள்குடியேறி வந்த பிறகு கட்டித் தந்த கிணறு, மலசலகூடம், வீடு, பாடசாலைக் கட்டடம், எதைப் பார்த்தாலும் யார் தந்தது என்று ஒரு பலகை. சில வளவுகளில் வீட்டைவிடப் பலகை முதலில் கண்ணில் படும். அந்த உதவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தறப்பாளுக்குக் கீழேதான் இரண்டு மாரி கழித்தோம். ஆனால் கையில் வருகிற ஒவ்வொரு பொருளும் ஒரு பெயரைச் சுமந்துகொண்டுதான் வரும் என்பது எங்களுக்கு இயல்பாகிவிட்டது. அதனால் கேமுக்குள் பேர்கர் கிங் பலகையைக் கண்டபோது ஏன் இது இங்கே நிற்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை.

மோஸ்ட் வோன்டட்டுக்கு முதல் வருடம், 2004இல், வந்தது "அண்டர்கிரவுண்ட் 2". இரவில் ஈரமான வீதிகளில் ஓடுகிற கேம். அந்த நகரத்திலும் பேர்கர் கிங் கடைகள் உண்டு, பெஸ்ட் பை என்ற மின்சாதனக் கடையும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வரும், அதோடு சிங்குலர் என்ற தொலைபேசிக் கொம்பனியின் சின்னமும் வரும். எங்கட வீட்டில் அப்போது போன் இல்லை. வன்னிக்குள் கைத்தொலைபேசி சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியதே 2009க்குப் பிறகுதான். ஆக எனக்கு வாழ்க்கையில் வந்த முதல் எஸ்.எம்.எஸ். சிங்குலரில் வந்தது. இதில் நெஞ்சில் தைக்கிற விசயம், சிங்குலர் என்ற பெயர் 2007இலேயே ஏ.டி. அண்ட் டி.யோடு கலந்து மறைந்துவிட்டது. அமெரிக்காவில் இல்லாமல் போன ஒரு கொம்பனி, நாலு வருடம் கழித்து, கிளிநொச்சியில் ஒரு தகரக் கூரைக் கடைக்குள் எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

இணைப்பு இல்லாததால் வந்தது அது. இணைப்பு இருக்கிற கேமில் விளம்பரப் பலகையை நாளுக்கு நாள் மாற்றலாம். 2008 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு "பேர்ன்அவுட் பரடைஸ்" உட்பட 18 கேம்களில் பலகை வாங்கியது. போட்டி கடுமையாக இருந்த 10 மாநிலங்களில் இருந்து விளையாடியவர்களுக்குத்தான் அது தெரிந்தது. ஒரே வீதி, ஒரே வளைவு, ஆனால் ஆள் எந்த ஊரிலிருந்து ஓட்டுகிறான் என்று பார்த்துப் பலகை மாறுகிறது. இந்தத் தொழிலுக்கென்றே மசிவ் என்ற கொம்பனி இருந்தது. 2006இல் மைக்ரோசொஃப்ட் அதை வாங்கி, 2010இல் மூடிவிட்டது. எங்கட டிவிடிக்குள் இருந்த பலகைகளை யாரும் மாற்ற முடியாது. சுவரில் பூசிய பெயின்ட் மாதிரி அப்படியே நின்றன.

சுவர், பெயின்ட் என்றதும் அம்மாவின் கடை.

2012இல் அம்மா வீட்டு வாசலோடு ஒரு சின்னக் கடை போட்டா. பாண், சீனி, மா, சவர்க்காரம், கொப்பி, பேனை. முதலில் ஒரு பலகைத் துண்டில் நானே பெயின்டால் "கணபதி ஸ்ரோர்ஸ்" என்று எழுதினேன். "ஸ்ரோர்ஸ்" கடைசியில் நெருக்கிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு குளிர்பானக் கொம்பனியின் ஆள் வந்தார். இலவசமாகப் பெயர்ப்பலகை தருவோம், கண்ணாடிக் கதவு வைத்த பிரிட்ஜும் தருவோம் என்றார். எட்டடி நீளம், மூன்றடி உயரம். வந்து பூட்டிய பிறகு வீதிக்கு மறுபக்கம் போய் நின்று பார்த்தேன். போத்தல் படம் ஒரு பக்கம், கொம்பனியின் பெயர் நடுவில். கீழே ஒரு சாண்கூட இல்லாத கோட்டில், வெள்ளை எழுத்தில் எங்கட கடையின் பெயர். ஏ9 வீதியால் போகிற பஸ்காரருக்குத் தெரியப்போவது போத்தல்தான். ஏ9 வழியாக வவுனியாவிலிருந்து வந்தால் எந்த ஊர்க் கடையும் இப்படித்தான் இருக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கொம்பனி நிறங்கள் ஓடும், கடைக்காரரின் பெயர் அடியில் ஒளிந்திருக்கும்.

பிரிட்ஜுக்கு ஒரு நிபந்தனை. அதற்குள் தங்கட போத்தல் மட்டும்தான் இருக்கவேண்டும். அம்மா அடித்தட்டில் ஒரு மூலையில் தயிர்ச்சட்டி வைத்திருந்தா. மாதத்துக்கொருக்கால் பார்க்க வருகிற ஆள் அதைக் கண்டுவிட்டார்.

"அம்மா, இதுக்குள்ள வேற சாமான் வைக்கேலாது. படம் எடுத்து அனுப்பினா எனக்குத்தான் பேச்சு."

"தம்பி, கரண்ட் பில்லை நான்தானே கட்டுறன்?"

அவருக்குப் பதில் வரவில்லை. தயிர்ச்சட்டியை அம்மா வெளியே எடுத்துத் துணி போட்டு மூடி வைத்தா. அவர் போன பிறகு திரும்ப உள்ளே வைத்தா. அடுத்த வருடம் பிரிட்ஜை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகையை மட்டும் கழற்றவில்லை. விற்காத குளிர்பானத்துக்கு எங்கட கடை நாலு வருடம் விளம்பரம் செய்தது.

வவுனியாவில் கொம்பியூட்டர் படிக்கப் போன பிறகுதான் கேமுக்குள் நிற்கிற பெயர்களுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது என்று விளங்கியது. அதற்கு இரண்டு திசை உண்டு. ஒன்றில் கொம்பனி கேம்காரருக்குக் காசு கொடுத்துத் தன் பெயரைப் போடுவிக்கும். மற்றதில் கேம்காரர் கொம்பனிக்குக் காசு கொடுத்துப் பெயரைப் பாவிக்க உரிமை வாங்குவார். காரோட்டக் கேமில் வருகிற கார்கள், காற்பந்துக் கேமில் வருகிற கழகங்கள், ஆட்டக்காரர் எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. உரிமை தருகிறபோது நிபந்தனையும் வரும். தங்கட கார் நொறுங்கித் தீப்பிடிப்பதைக் காட்டப் பல கார்க் கொம்பனிகள் விரும்புவதில்லை. சுவரில் முழு வேகத்தில் மோதியும் கீறலோடு தப்புகிற கார்களைப் பார்த்து நாங்கள் நல்ல இரும்பு என்று வியந்திருக்கிறோம்.

இந்த வழக்கம் கேம் அளவுக்குப் பழசு. 1982இல் வந்த "போல் பொசிசன்" காரோட்டத்திலேயே வீதியோரப் பலகைகளில் உண்மையான கொம்பனிகளின் பெயர்கள் இருந்தன. 1992இல் வந்த "சூல்" முதல் உலகத்தில் இனிப்பு மலைகளுக்கு நடுவில் சுப்பா சுப்ஸ் சின்னம் நிற்கும். 1996இல் அமெரிக்காவில் செக்ஸ் (ஆங்கிலத்தில் Chex) என்ற காலைத் தானிய உணவின் பெட்டிக்குள் ஒரு சீடி வைத்துக் கொடுத்தார்கள். "டூம்" என்ற சுடுகிற கேமின் எஞ்சினில் செய்த "செக்ஸ் குவெஸ்ட்". ஆனால் அதில் யாரையும் கொல்வதில்லை, எதிரிகளை அவர்களின் உலகத்துக்கே திருப்பி அனுப்புவீர்கள். 1999இல் ஜப்பானில் மட்டும் பிளேஸ்டேசனுக்கு "பெப்சிமேன்" வந்தது. நீல உடம்புக்காரன் ஒருவன் ஓடிக்கொண்டே இருப்பான், வழியில் பெப்சிக் கான்களைப் பொறுக்குவான். என் மருமகன் இதை யூடியூபில் பார்த்துவிட்டு, "மாமா, இது சப்வே சேர்ஃபர்ஸ் மாதிரியெல்லோ" என்றான். அவன் சொன்னது சரி. அந்த வகை ஓட்டம் போனுக்கு வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

பிறகு என் பழைய ராசாவையும் தேடிப் பார்த்தேன். 2006 நவம்பரில் பேர்கர் கிங் தானே மூன்று எக்ஸ்பொக்ஸ் கேம்களை வெளியிட்டிருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்து வாங்கினால் ஒன்று 3.99 டொலர். 20 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் ஒன்றின் பெயர் "ஸ்னீக் கிங்". முடி வைத்த ராசா ஒளிந்து ஒளிந்து போய், பசியோடு நிற்கிறவர்களுக்குத் திடீரென்று முன்னால் வந்து சாப்பாடு கொடுப்பார். ஆக உண்மையிலேயே ஒரு ராசா இருந்திருக்கிறார்.

அந்தக் கேமின் படக்காட்சியை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பசியில் நிற்கிற ஆளின் தலைக்கு மேல் ஒரு குறி தெரியும், பிந்தினால் மயங்கிவிடுவான். 2009இன் முதல் மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நான். எனக்குப் பின்னால் என் அக்கா ஒரு சுண்டு மூடியோடு நின்றா. அந்தக் கேமைச் செய்தவர்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்கள் எங்களை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பசியை விளையாட்டில் ஒரு அளவுக் கோடாகக் காட்டி, அதை நிரப்புகிற ஒரே பொருளாகத் தன் பொருளை வைப்பது எவ்வளவு பலமான விளம்பரம் என்று அப்போதுதான் உறைத்தது.

படத்தில் கதாநாயகன் ஒரு சோடாவைக் குடித்தால் நாங்கள் பார்க்கிறோம். கேமில் நாங்களே குடிக்கிறோம், குடித்ததற்குப் பலனும் கிடைக்கிறது. 2019இல் வந்த "டெத் ஸ்டிராண்டிங்"கில் மொன்ஸ்டர் எனர்ஜி பானத்தைக் குடித்தால் கதாபாத்திரத்தின் தெம்பு கூடும். மலையில் சுமையோடு ஏறுகிறபோது அது உண்மையாகவே உதவும். 2016இல் வந்த "ஃபைனல் ஃபான்டசி 15"இல் கப் நூடில்ஸ் பற்றி ஒரு தோழன் உருகி உருகிப் பேசுவான், அதற்கென்று ஒரு வேலையே உண்டு. காரோட்டக் கேமில் உண்மைக் கார் இருப்பதை நான் விரும்புகிறேன். காற்பந்தில் லிவர்பூலுக்கு உரிமை இல்லாமல் "மேர்சிசைட் ரெட்" என்று போட்டிருந்த காலத்தில் எங்களுக்கு அது வெறுப்பாக இருந்தது. ஆனால் ஒரு பானத்துக்கு இல்லாத பலனைக் கேமின் சட்டமாக எழுதி, அதைச் சின்னப் பிள்ளையின் கையால் திரும்பத் திரும்பச் செய்விப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மொன்ஸ்டரை 2021இல் வந்த புதிய பதிப்பில் எடுத்துவிட்டு, கதைக்குள்ளேயே இருக்கிற ஒரு கற்பனைப் பானத்தை வைத்தார்கள். கேம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"கிரேசி டாக்சி"க்கும் இப்படி நடந்தது. முதலில் பயணிகள் ஏறி கே.எஃப்.சி.க்குப் போ, பீட்சா ஹட்டுக்குப் போ என்பார்கள். 2010இல் திரும்ப வெளியிட்டபோது அந்தக் கடைகள் இல்லை. ஏ9 ஓரத்துச் சுவர்களும் இப்படித்தான், ஒரு வருடம் ஒரு நிறம், அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு நிறம்.

பெயருக்கு உரிமை வாங்காததால் வந்த கவலை ஒன்றையும் சொல்லவேண்டும். கடைக்கார அண்ணையிடம் "கிரிக்கெட் 07" இருந்தது. இங்கிலாந்து, அவுஸ்திரேலிய அணிகளின் ஆட்கள் சரியான பெயரோடு இருந்தார்கள். எங்கட நாட்டு அணியில் பெயர்கள் எல்லாம் வேறு. அண்ணை ஒரு மழை நாள், கடைக்கு ஆள் இல்லாத நேரம், பெயர் மாற்றுகிற வழியைக் கண்டுபிடித்து ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முத்தையா முரளிதரனின் பெயரில் வந்து நின்றார். இங்கிலீசில் "டி" போடுறதா "டி.எச்." போடுறதா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. கடைசியில் "டி.எச்." போட்டார், பிறகு ஒரு ஓவர் போட்டுப் பார்த்தார். திரையின் மூலையில் அந்தப் பெயர் வந்தபோது அவர் கதிரையில் சாய்ந்து இருந்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பெயர் திரையில் வருவதற்கு அவ்வளவு பலம் உண்டு. கொம்பனிகள் ஏன் அதற்குக் கோடிக்கணக்கில் கொடுக்கின்றன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி மருமகன். அக்காவின் மகன், 2021இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டி, சூமில் வகுப்பு. அக்காவின் போன் பகலில் அவன் கையில். அக்கா கார்மென்டில் வேலை. வகுப்பு முடிய பப்ஜி, சினேகிதர் வீட்டுக்குப் போனால் ஃப்ரீ ஃபயர். முந்தின வருடக் கடைசியில் ஃப்ரீ ஃபயரில் கிறிஸ்டியானோ ரொனால்டோ "குரோனோ" என்ற பெயரில் ஒரு பாத்திரமாக வந்திருந்தார், பெடியளுக்கு அதே பேச்சு. 2021 ஜூலையில் பப்ஜி மொபைலுக்குள் டெஸ்லா வந்தது. எரங்கல் வரைபடத்தில் டெஸ்லாவின் தொழிற்சாலை ஒன்று. உள்ளே போய் ஆளிகளைப் போட்டால் வரிசையில் கார் உருவாகி வெளியே வரும். அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். "மாமா, நான் கார் செய்யிறன் பாருங்கோ." பத்து வருடத்துக்கு முதல் நான் பத்து எழுத்துத் தட்டியது போல, அவன் ஒவ்வொரு ஆளியாகப் போட்டுக்கொண்டு போனான்.

டெஸ்லாவோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. அதே வருடம் மக்லாரன் கார்களும் வந்தன. அவற்றைச் சும்மா எடுக்க முடியாது. யூ.சி. என்ற கேம் காசு கொடுத்துச் சுழற்றிப் பார்க்கவேண்டும், விழுந்தால் விழும். 60 யூ.சி. 0.99 டொலர், அப்போது ஏறக்குறைய 200 ரூபா. ஒரு சுழற்றலில் கார் விழுவது அபூர்வம். அக்காவின் போனில் நிறைய ரீலோட் போட்டு வைத்திருந்தா, அந்த மாதத்து வகுப்பு டேட்டாவுக்கு. மூன்று நாளில் 3,800 ரூபா போய்விட்டது. அவவின் நாலு நாள் உழைப்பு.

அக்கா அடிக்கக் கையை ஓங்கிவிட்டு அழுதுவிட்டா. நான் அவனைக் கூட்டிக்கொண்டு கடை வாசல் வாங்கிலில் இருந்தேன்.

"மாமா, நான் களவெடுக்கேல்ல. அது தானா வெட்டுப்பட்டது."

"என்னத்துக்கு வெட்டுப்பட்டது?"

"மக்லாரனுக்கு. விழேல்ல."

ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டுக் காட்டினேன். இது கார் செய்கிறவன், இது கேம் செய்கிறவன், இது நீ. கார்க்காரனுக்கு அவன்ர பெயரைப் பத்து வயதில் மனதில் பதிக்கிற பிள்ளைகள் வேணும். கேம்காரனுக்கு அந்தக் காருக்காகச் சுழற்றுகிற பிள்ளைகள் வேணும். அவை ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சு ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்கினம். உன்னை ஒருத்தரும் கேக்கேல்ல.

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்ப நான் அவைக்கு விளம்பரமும் செய்து, காசும் குடுத்திருக்கிறனா?"

"ஓம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். "ஆனா மாமா, அது உண்மையா வடிவான கார்."

அது உண்மைதான், அவனோடு நான் வாதாடவில்லை. குலுக்கலை விட்டு, இவ்வளவு காசு கொடு, கார் உனக்கு என்று நேரே விலை சொன்னால் நான் இந்த அளவுக்குக் கொதித்திருக்க மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சூதாட்டம் காட்டித்தான் ஒரு நல்ல காரின் பெயரைப் பழக்கவேண்டுமா? பெற்றோர் போனில் காசு வெட்டுவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி செய்துவையுங்கள். பிளே ஸ்டோருக்குள் வாங்குதல் பற்றிய அமைப்பில் இருக்கிறது, இரண்டு நிமிச வேலை. எங்கட கொமினிகேசன் கடைகளில் ரீலோட் போடுகிறவர்கள் தாய்மாருக்கு இதையும் செய்து கொடுத்தால் பெரிய புண்ணியம். நான் இப்போது நான் படிப்பிக்கிற வகுப்புக்கு வருகிற எல்லாத் தாய்மாரின் போனிலும் செய்து கொடுக்கிறேன்.

2022இல் பெற்றோல் வரிசை. பரந்தனில் விடிய நாலு மணிக்கே என் மோட்டார்சைக்கிளை வரிசையில் விட்டேன், மருமகன் துணைக்கு வந்தான். முன்னால் நூறு, பின்னால் நூறு. அவன் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். பப்ஜியிலும் வண்டிக்குப் பெற்றோல் முடியும், கான் தேடி எடுத்து ஊற்றவேண்டும். "மாமா, எனக்கு ஒரு கான் கிடைச்சிட்டுது" என்றான். எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை, பத்தரைக்கு முடிந்துவிட்டது என்றார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு வந்தோம். அவனும் பின்னால் பிடித்துத் தள்ளினான். அதற்குப் பிறகு அவன் குலுக்கலுக்குக் காசு கேட்டதில்லை. அன்றைய உருட்டலும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இந்த வருடம் என் வகுப்பில் உயர்தரம் படிக்கிற ஐந்து பிள்ளைகளோடு ஒரு சின்னக் கேம் செய்கிறேன். யூனிட்டி என்ற, கேம் செய்கிற மென்பொருளில். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓட்டவேண்டும். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டாமல் போகிற சாரதிக்குப் புள்ளி குறையும். பிள்ளைகளே வைத்த சட்டம், நான் கை வைக்கவில்லை. அங்கே இறங்கிக் கச்சான் வாங்கினால் பயணிகளின் சந்தோசம் கூடும். முறிகண்டிக் கச்சானுக்குக் கொம்பனியும் இல்லை, சின்னமும் இல்லை. ஆனால் வன்னியால் போன எந்தத் தமிழனுக்கும் பெயர் சொன்னாலே வறுத்த மணம் வரும். அந்த ஆச்சிமார் யாரும் எங்களுக்குக் காசு தரப்போவதில்லை, அந்தக் கச்சான் பை கேமில் பெரிசாகத் தெரியவேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

சிக்கல் வந்தது கடைகளில். வீதியோரக் கடைகளை வரைந்த பிள்ளை சுவரை வெறுமையாக விட்டுவிட்டு வந்து நின்றா.

"சேர், அந்தக் கலர்ப் பலகை இல்லாட்டி கடை மாதிரியே இல்ல."

அவ சொன்னது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. ஒரு கடை கடையாகத் தெரிவதற்கே யாரோ ஒரு கொம்பனியின் நிறம் வேண்டியிருக்கிறது. அனுமதி இல்லாமல் உண்மைச் சின்னத்தைப் போட முடியாது என்று சொன்னேன். "ஜிடிஏ" என்ற கேமில் இதற்காகவே ஸ்பிரங்க் என்று ஒரு இல்லாத சோடாவைச் செய்து நகரம் முழுக்க வைத்திருப்பதையும் காட்டினேன். ஐந்து பேரும் இருந்து கதைத்தார்கள். அடுத்த நாள் "இரணைமடு சோடா" வந்தது. குளத்து நீல நிறம், நடுவில் வெள்ளைக் கொக்கு. நல்ல வடிவு. அதை எட்டடிப் பலகையில் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் கடையின் பெயரை எழுதியிருந்தார்கள். பார்த்துப் பழகியபடியே வரைந்திருக்கிறார்கள்.

மாற்றச் சொன்னேன். கடைப் பெயர் மேலே, பெரிசாக. சோடா கீழே மூலையில். என்ன பெயர் போடுவது என்று கேட்டார்கள், "கணபதி ஸ்ரோர்ஸ்" என்றேன். "ஸ்ரோர்ஸ்" கடைசியில் கொஞ்சம் நெருங்கி இருக்கட்டும் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

போன கிழமை மடிகணினியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு ஓட்டிக் காட்டினேன். பஸ் ஆனையிறவுப் பக்கம் போக முதல் பரந்தனில் நின்றது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தா. பலகையை வாய்விட்டு வாசித்தா. பிறகு கடைக்குள் விரலால் தொட்டுக் காட்டி, "இது பிரிட்ஜோ?" என்றா.

"ஓம் அம்மா."

"தயிர்ச்சட்டியைக் காணேல்ல."

அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளை அடித்தட்டில், இடது மூலையில், வாயில் தாள் கட்டிய ஒரு மண்சட்டியை வரைந்து வைத்தா.